புளோரன்ஸில் விழாத கையெழுத்து

திருச்சி

அன்புள்ள அருள்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரனுக்குக் கோட்டயத்தில் ஞானஸ்நானம் நடந்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. சம்பந்தி வீட்டார் உங்களைத் தாங்கித் தாங்கிக் கவனித்துக்கொண்டதை நீ விவரித்திருந்த பக்கத்தை ரோஸி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன் வேறு சபை, வேறு மொழி என்று தங்கை எவ்வளவு கலங்கினாள்! இப்போது அவளே மலையாளப் பாட்டு முணுமுணுக்கிறாள் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை விடவில்லை. அங்கே விசுவாசப் பிரமாணம் சொன்னபோது, ஆவியானவர் ‘பிதாவிடமிருந்து புறப்படுகிறார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், நாம் சொல்லும் ‘சுதனிடமிருந்தும்’ அதில் இல்லை என்று மருமகன் எடுத்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதோடு, “இந்த ஒரு சொல்லுக்காகவா கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் ஆயிரம் ஆண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள்? எல்லாம் பதவிச் சண்டை, சொல் வெறும் சாக்கு” என்று முடித்துவிட்டாய். நீ அப்படி முடித்துவிடக் கூடாது, அருள்.

முதலில் ஒன்று. உன் சம்பந்தி வீட்டாரின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக்கு இந்தச் சண்டையில் பங்கே கிடையாது. அவர்கள் சேர்ந்த கிழக்கத்திய மரபு 451-இல் நடந்த கல்சதோன் சங்கத்தை, அதாவது ஆயர்களின் பேரவையை, ஏற்காமல் அப்போதே தனி வழியில் போனது. ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் மோதிக்கொண்டது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அவர்கள் சொல்லும் வாசகம் 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் தந்ததாகக் கிழக்கும் மேற்கும் ஏற்றுக்கொண்ட பழைய வாசகம். கூட்டியது நம் பக்கம்தான்.

அதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு கூட்டவில்லை. மகன் தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையோடு ஸ்பெயினில் திருச்சபை போராடிக்கொண்டிருந்தது. 589-இல் தொலேதோவில் கூடிய சங்கம், ஆவியானவர் மகனிடமிருந்தும் புறப்படுகிறார் என்று வலியுறுத்தியது. பிறகு மேற்கின் பேரரசர் சார்லிமேனின் அரசவை அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ரோம் இசையவில்லை. அந்தப் போதனையை ஏற்ற பாப்பரசர் மூன்றாம் லியோ, பிரமாணத்தில் கைவைக்க மறுத்து, பழைய வாசகத்தையே கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். கடைசியில் 1014-இல், பேரரசர் இரண்டாம் ஹென்றியின் முடிசூட்டு விழாவில்தான் ரோமில் அந்தச் சொல்லோடு பிரமாணம் பாடப்பட்டது.

பங்காளிகளுக்குப் பொதுவான பத்திரத்தில் ஒருவர் மட்டும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, ‘இது எப்போதும் இருந்ததுதான்’ என்றால் மற்றவர் என்ன சொல்வார்? அந்த வரி நியாயமானதாகவே இருக்கட்டும். ‘என்னைக் கேட்டாயா?’ என்பதுதானே முதல் கேள்வி? கிழக்கின் கிரேக்கர்கள் கேட்டது அதுதான்.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. தந்தை ஒருவரே ஊற்று, மகனும் ஆவியும் அவரிடமிருந்தே வருகிறார்கள் என்பது பழைய கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் கற்பித்தது. இன்னொரு ஊற்றைச் சொன்னால் கடவுளின் ஒருமை உடைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அகுஸ்தினார் வழிவந்த மேற்கோ, தந்தை என்னும் நிலை ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் தந்தை மகனுக்குத் தந்துவிட்டார், ஆவியை அனுப்புவதும் அதில் அடக்கம் என்றது. கடவுள் எப்படிப்பட்டவர் என்பதைத் தெரிந்துகொள்ளத் தவித்தவர்களின் பேச்சு இது. இதைச் சாக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிவு நடந்த ஆண்டு என்று சொல்லப்படும் 1054-ஐப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ரோமின் தூதரான கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் பேராலயமான ஹகியா சோபியாவின் பீடத்தில் சபைநீக்க ஓலையை வைத்துவிட்டுப் போனதைப் பாடப் புத்தகங்கள் பெரிதாக்கிவிட்டன. அவரை அனுப்பிய பாப்பரசர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அன்று எழுந்த பெரிய வாக்குவாதமோ நற்கருணைக்குப் புளித்த அப்பமா புளியாத அப்பமா என்பது. உண்மையான வெட்டு 1204-இல் விழுந்தது. சிலுவைப் போருக்கென்று புறப்பட்ட நம் ஆட்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடினார்கள். ஹகியா சோபியாவுக்குள் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஓட்டிச் சென்று திருப்பொருள்களை அள்ளினார்கள். அதை நேரில் அனுபவித்த கிரேக்க வரலாற்றாசிரியர் நிக்கேத்தாஸ் எழுதியதைப் படித்தால் நெஞ்சு கொதிக்கிறது. அதன்பிறகு எந்த இறையியல் வாதமும் வெறும் இறையியல் வாதமாக இருக்க முடியவில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு 1438-க்கு வா. நான் உனக்குச் சொல்ல விரும்புவது அங்கேதான் இருக்கிறது.

துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை நெருங்கிவிட்டார்கள். கிரேக்கப் பேரரசர் எட்டாம் யோவான், அந்நகரச் சபையின் தலைவரான, எண்பதை நெருங்கிய முதுபெரும் தந்தை இரண்டாம் யோசேப்பு, ஆயர்கள், அறிஞர்கள் என்று ஏறக்குறைய 700 பேர், இரு சபைகளையும் ஒன்றாக்கும் சங்கத்துக்காகக் கப்பலேறி இத்தாலிக்கு வந்தார்கள். பயணச் செலவும் உணவுப் படியும் பாப்பரசர் நான்காம் யூஜின் பொறுப்பு. மேற்கின் படை வேண்டுமென்றால் முதலில் சபைகள் ஒன்றாக வேண்டும். இந்த நெருக்கடியோடுதான் அவர்கள் பேச உட்கார்ந்தார்கள்.

சங்கம் கூடவிருந்த ஃபெராரா நகரை நெருங்கியதுமே ஒரு சிக்கல். பாப்பரசரின் பாதத்தை முத்தமிட வேண்டும் என்றார்கள். யோசேப்பு மறுத்தார். பாப்பரசர் வயதில் மூத்தவரானால் தந்தையாக, ஒத்த வயதானால் சகோதரராக, இளையவரானால் மகனாக நடத்துவேன் என்றார். கரை இறங்காமலே திரும்பிவிடுவதாகவும் சொன்னார். யூஜின் விட்டுக்கொடுத்தார். ஃபெராரா பேராலயத்தில் இருக்கைகளைப் போடவே பெரும் பேச்சு நடந்தது. மேற்குச் சபையின் லத்தீனர் ஒரு பக்கம், கிரேக்கர் எதிர்ப்பக்கம். கிரேக்கப் பேரரசருக்கு எதிரே மேற்கின் பேரரசருக்கென்று ஓர் ஆசனம் வெறுமையாகவே போடப்பட்டிருந்தது. இதையெல்லாம் சில்லறை விஷயம் என்று நீ ஒதுக்குவாய். சமமானவர்களாகப் பேசுகிறோமா, சரணடைய வந்திருக்கிறோமா என்பது அந்த ஏற்பாடுகளில்தான் தெரிந்தது. அதனால் எனக்கு அது சில்லறையாகத் தோன்றவில்லை.

பேச வேண்டியவை நான்கு: ஆவியானவர் புறப்படுதல், அப்பம், இறந்தோர் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம், பாப்பரசரின் தலைமை. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய வாதத்தில் கிரேக்கர் முன்வைத்த தடை எனக்கு மிகவும் பிடிக்கும். இறந்தோருக்காக இரு சபைகளும் செபிக்கின்றன, அதில் வேறுபாடு இல்லை. ஆனால் சுத்திகரிக்கும் தீ ஒன்று உண்டு, அது ஒருநாள் முடியும் என்றால், நரகத் தீயும் ஒருநாள் முடியும் என்ற பழைய அறிஞர் ஒரிஜனின் கருத்து பின்வாசலால் வந்துவிடாதா என்று கேட்டார்கள்.

கிரேக்கர் தரப்பில் பேசியவர்களில் இருவரை மறக்க முடியாது. ஒருவர் எபேசு பேராயர் மாற்கு. மற்றவர் நிக்கேயா பேராயர் பெசாரியோன். மாற்கு லத்தீனரை வெறுத்து வந்தவர் அல்ல. சங்கம் தொடங்கியபோது பாப்பரசருக்கு அவர் எழுதிய உரையில் அன்பும் நம்பிக்கையும் நிரம்பியிருந்தன. அந்தச் சொல்லையும் புளியாத அப்பத்தையும் விட்டுவிடுங்கள், நாம் ஒன்றாவோம் என்று கேட்டிருந்தார். முதல் விவாதத்தில் பழைய சங்கங்களின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் செய்து, பிரமாணத்தை யாரும் மாற்றக் கூடாது என்ற எபேசு சங்கத்தின் தடையை முன்வைத்தார். லத்தீனர் 787-இன் சங்க ஏடு ஒன்றைக் கொண்டுவந்து, அதிலேயே அந்தச் சொல் இருக்கிறது என்று காட்டினார்கள். பிளேத்தோன் என்ற முதிய தத்துவ அறிஞர் எழுந்து, இது உண்மையானால் அக்குவினாஸ் முதலிய உங்கள் அறிஞர்கள் இதை எப்போதோ மேற்கோள் காட்டியிருப்பார்களே என்றார்.

1439 தொடக்கத்தில் சங்கம் புளோரன்ஸுக்கு மாறியது. ஃபெராராவில் கொள்ளைநோய், பாப்பரசரிடமோ பணம் இல்லை. மெதிச்சி குடும்பத்தின் ஊர் செலவை ஏற்க முன்வந்தது. அங்கே மாற்கும் தொமினிக்கன் துறவி மோந்தேநேரோவும் நாள்கணக்கில் புனித பசிலியாரின் ஒரே பத்தியை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ஏட்டுக்கு ஏடு வாசகம் வேறுபட்டது. எந்த ஏடு பழையது, யார் திருத்தியது என்பதே வாதமாயிற்று. நாடு பறிபோகும் வேளையில் ஓர் ஏட்டின் வரிக்காக இவ்வளவு பாடுபட்டார்களே, சாக்குக்காகப் பேசுபவர்கள் இப்படிப் பாடுபடுவார்களா?

பெசாரியோன் வேறு திசையில் யோசித்தார். ஒரே ஆவியானவர் பேசுவித்த புனிதர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட முடியாது. ‘மகனிடமிருந்து’ என்ற லத்தீன் புனிதரும் ‘மகன் வழியாக’ என்ற கிரேக்கப் புனிதரும் ஒரே உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். இதைவிட அழகான வாதத்தை அந்தச் சங்கத்தில் வேறு யாரும் சொல்லவில்லை என்பது என் எண்ணம். மாற்கு அதை ஏற்கவில்லை. லத்தீனர் காட்டிய பகுதிகள் திருத்தப்பட்டவை என்றே நின்றார். எல்லாவற்றையும் அப்படித் தள்ளியது சரியென்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 10-ஆம் தேதி யோசேப்பு இறந்துபோனார். சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி, புருனெலெஸ்கியின் புதிய குவிமாடத்தின் கீழே ஒன்றிப்பு ஆணையைக் கர்தினால் செசாரினி லத்தீனிலும் பெசாரியோன் கிரேக்கத்திலும் வாசித்தார்கள். அந்த ஆணையைப் படித்துப் பார்த்தால், நாம் நினைப்பதைவிட மென்மையானது. அப்பம் எதுவானாலும் செல்லும். உத்தரிப்பைப் பற்றிய வரியில் ‘தீ’ இல்லை. கிரேக்கர் தங்கள் பிரமாணத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. பாப்பரசரின் தலைமை அழுத்தமாகச் சொல்லப்பட்டாலும், மற்ற முதுபெரும் தந்தையரின் உரிமைகள் காக்கப்படும் என்றது.

மாற்கு கையெழுத்திடவில்லை.

பேரரசர் கேட்டும், நாடு காக்க வேறு வழியில்லை என்று தெரிந்தும் அவர் கையெழுத்திடவில்லை. நான் கத்தோலிக்கன். ஒன்றிப்பு நிலைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறவன். ஆனாலும் அந்த மனிதர் முன் தலைவணங்குகிறேன். பசிக்கும் பயத்துக்கும் இடையில் பெறப்படும் சம்மதத்தைக் கடவுளின் பெயரால் தர முடியாது என்பதை அவர் தம் மறுப்பால் காட்டினார்.

அடுத்து நடந்தது அதை மெய்ப்பித்தது. 1440-இல் கப்பல் ஊர் திரும்பியபோது, கரையில் கேட்டவர்களிடம் ‘நம் விசுவாசத்தை விற்றுவிட்டோம்’ என்று ஆயர்கள் அழுததாக டூக்காஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பலர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். லெம்னோஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்ட மாற்கை மக்கள் புனிதராகவே பார்த்தார்கள். ஒன்றிப்புக்காகப் புளோரன்ஸில் பேசிய ஸ்கொலாரியோஸ், அக்குவினாஸைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த அந்த அறிஞர், மாற்கின் மரணப் படுக்கையில் அவருடைய போராட்டத்தை ஏற்றுக்கொண்டார். மேற்கு வாக்களித்த படை துருக்கியரோடு மோதி வார்னாவில் 1444-இல் அழிந்தது. ஆணையை லத்தீனில் வாசித்த செசாரினி அந்தப் போரில் இறந்தார். ஹகியா சோபியாவில் ஒன்றிப்பு அறிவிக்கப்பட்டதோ 1452 டிசம்பர் 12-ஆம் தேதி. மக்கள் அந்த ஆலயத்துக்கே போகாமல் நின்றுகொண்டார்கள். ஐந்தரை மாதத்தில் நகரம் துருக்கியரிடம் விழுந்தது. அதற்கு முந்திய மாலை இரு தரப்பாரும் ஒன்றாக அங்கே நின்று செபித்தார்கள்.

அருள், புளோரன்ஸில் மேசைக்குப் பின்னால் இருந்த எல்லாரையும் கேட்டார்கள். ஆலயத்தில் நின்று பிரமாணம் சொல்லும் மக்களை ஒருவரும் கேட்கவில்லை. 1204-க்காக ஒருவரும் மன்னிப்பும் கேட்கவில்லை. 2001-இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் ஏதென்ஸில் அதற்காக வருந்திப் பேசியதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. புளோரன்ஸில் யாராவது அந்த வார்த்தையை முதலில் சொல்லியிருந்தால் பசிலியாரின் ஏடு வேறு மாதிரி வாசிக்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெசாரியோன் கர்தினாலாகி இத்தாலியிலேயே தங்கிவிட்டார். நகரம் விழுந்தபின் கிரேக்க ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1468-இல் 700-க்கும் மேற்பட்ட ஏடுகளை வெனிஸுக்குக் கொடுத்தார். அவரைத் துரோகி என்பவர்கள் இன்றும் உண்டு. நீயாவது அவர்களோடு சேராதே.

இங்கே செய்தி அதிகமில்லை. கண் அறுவை நன்றாக முடிந்தது. இப்போது சிறிய எழுத்தும் தெரிகிறது, இந்த நீளமான கடிதம் அதன் பலன்தான். மூத்தவன் பெங்களூரிலிருந்து மாறுதல் கேட்டிருக்கிறான். ரோஸி மாடியில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறாள், குரங்குகளோடு தினமும் போராட்டம். நம் விடுதி நண்பர்கள் ஜனவரியில் கூடுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். நீயும் தங்கையும் கட்டாயம் வர வேண்டும். மருமகனையும் அழைத்து வா; அவருடைய சபையின் வழிபாட்டு முறையைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே போட்டுவிடு.

உன் அன்புள்ள,
சூசை