100க்கு 7

ஸ்காபரோ
12.04.2019

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். குளிர் போனாலும் அம்மாவின் முழங்கால் நோ போகவில்லை. போன ஞாயிறு கூடைப்பந்து பற்றிக் கதைத்தபோது, "உங்கட ராப்டர்ஸ் இந்த முறை எவ்வளவு தூரம் போகும்? கணக்கு வாத்தியார் சொல்லுங்கோ பாப்பம்" என்று நக்கலாகக் கேட்டாய். வாய்க்கு வந்ததைச் சொல்ல விருப்பமில்லை. கொப்பி எடுத்து நாலு இரவு இருந்து பார்த்தேன். எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் இந்த வருடம் என்.பி.ஏ. கிண்ணம் வெல்ல வாய்ப்பு 100க்கு 7. அவ்வளவுதான்.

சிரிக்காதே. வழியையும் எழுதுகிறேன், வழி இல்லாத விடைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை.

வெற்றிகளை மட்டும் எண்ணினால் மில்வாக்கி 60, நாங்கள் 58, உன் கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் 57. மூன்றும் ஒன்றுதான் போலத் தெரியும். ஆனால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளியால் முந்தினார்கள் என்று பார். மில்வாக்கி கிட்டத்தட்ட 9, நாங்கள் 6, கோல்டன் ஸ்டேட் ஆறரை. ஒரு புள்ளியால் வென்றாலும் முப்பதால் வென்றாலும் வெற்றி ஒன்றுதான், அதனால் வெற்றிக் கணக்கு ஆளை ஏமாற்றும், புள்ளி வித்தியாசம் அவ்வளவு ஏமாற்றாது. நாளன்றைக்கு விகாரி வருடம் பிறக்கிறது. எத்தனை மணிக்குப் பிறக்கும் என்பதிலேயே வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒத்துவராது. கூடைப்பந்துக்கும் இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது, நான் இரண்டாவதன் பக்கம்.

அடுத்தது நீ பள்ளிக்கூடத்தில் படித்த நிகழ்தகவு. ஓர் ஆட்டத்தில் வெல்ல 60 வீதம் வாய்ப்புள்ள அணி, நாலு வெற்றி தேவைப்படும் ஏழாட்டத் தொடரை வெல்ல 71 வீதம் வாய்ப்பு. 70 என்றால் 87. 45 என்றால் 39க்கு இறங்கும், 40 என்றால் 29. தொடர் நீளம் என்பதால் கெட்டிக்காரன் இன்னும் கெட்டிக்காரனாகிறான், நோஞ்சான் இன்னும் நோஞ்சானாகிறான். உதைபந்தில் ஒரு கோலால் எதுவும் நடக்கும். இங்கே ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஆட்டத்தில் நூறு தரம் போலப் பந்து கிடைப்பதால் அதிர்ஷ்டம் கரைந்துபோகும்.

முதல் சுற்றில் ஒர்லாண்டோவுக்கு எதிராக ஓர் ஆட்டத்துக்கு 70 போட்டேன். பேந்து பிலடெல்பியா வந்தால் 60. மில்வாக்கிக்கு 45, இந்தப் பருவம் அவர்களோடு நாலில் மூன்றைத் தோற்றோமே. டியூரன்ட், கரி, தாம்ஸன் மூன்று பேரும் நிற்கிற கோல்டன் ஸ்டேட்டுக்கு 40. தொடர்களாக மாற்றிப் பெருக்கினால் இறுதிச் சுற்றுக்குப் போக 24 வீதம், கிண்ணத்துக்கு 7. இந்தப் பெருக்கல்தான் ஆட்களுக்கு விளங்குவதில்லை. நாலு சுற்றிலும் 70 வீதம் என்று வைத்தாலே கடைசியில் 24தான் மிஞ்சும்.

ஒரு இடத்தில் மட்டும் பேனை நின்றது. எங்கள் முதன்மை ஆட்டக்காரன் கவாய் லெனார்ட். அவன் விளையாடிய 60 ஆட்டத்தில் 41 வெற்றி, 19 தோல்வி. ஓய்வெடுத்த 22 ஆட்டத்தில் 17 வெற்றி, 5 தோல்வி! அவன் இல்லாமலே திறம் என்று கோப்பிக் கடையில் ஒருவர் என்னோடு வாதாடினார். அவருக்கு நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பிளேஓஃப், அதாவது பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற இந்தச் சுற்றுகள், வேறு விளையாட்டு. வழக்கமான பருவத்தில் பத்துப் பேர் மாறி மாறி ஓடுவார்கள், இங்கே எட்டுப் பேராகச் சுருங்கும், நல்லவன் நாற்பது நிமிடம் நிற்பான். போன வருடம் 59 வெற்றி எடுத்தது அந்தப் பத்துப் பேரின் பலத்தில். சுருங்கியதும் என்ன நடந்தது? கிளீவ்லண்டிடம் 4–0. அதற்கு முந்தின வருடமும் 4–0. கிளீவ்லண்டில் நின்று அந்த இரண்டையும் செய்த லெப்ரோன் இப்போது மேற்குப் பிரிவு அணி ஒன்றுக்குப் போய்விட்டான், அவனுடைய அணி பிளேஓஃப்புக்கே வரவில்லை. பழைய தோல்வியை வைத்து இந்த வருடத்துக்குப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

போன ஜூலையில் எங்களோடு நெடுநாள் நின்ற டிரோசனைக் கொடுத்து லெனார்டை வாங்கியபோது நீ என்னோடு இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை, ஏதோ நான் விற்றது போல. விசுவாசமான பிள்ளையை அனுப்பினார்கள் என்றாய். சரிதான். ஆனால் சுருங்கின ஆட்டத்தில் அவனைவிட இவன் பெரியவன். ஒப்பந்தம்தான் கவலை, கோடையோடு அவன் நினைத்தால் போகலாம். பிறந்து வளர்ந்த கலிபோர்னியாவுக்குத்தான் போவான் என்பது என் மற்றக் கணிப்பு. அதற்கு 7 இல்லை, 70 போடுவேன். கலிபோர்னியாவுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருகிற வீதம் எனக்குத் தெரியும்.

2001 மே 20 நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. ஏழாவது ஆட்டம், பிலடெல்பியாவில், இரண்டு விநாடி மிச்சம், எங்கள் 15ஆம் இலக்கக் கார்ட்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. 88–87, ஒரு புள்ளியால் தோற்றோம். நீ சோபாவுக்குப் பின்னால் போயிருந்து அழுதாய். அன்று காலை பட்டமளிப்புக்குப் போய்விட்டு வந்து விளையாடினான் என்று ஊரே அவனை ஏசியது. நான் ஏசவில்லை. படித்தவன் பட்டம் வாங்கப் போகாமல் வேறெங்கே போவான்? அன்றிரவு வேலைக்குப் போகும்வரை உன் பக்கத்தில் இருந்து இந்த விளையாட்டின் விதிகளை உன்னிடம் கேட்டுக்கேட்டுப் படித்தேன். அதற்குமுதல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நாளைக்கு முதல் ஆட்டம். முதல் ஆட்டத்தைத் தோற்பது இவர்களுக்குப் பரம்பரை வழக்கம், தோற்றால் உடனே எடுத்து நக்கலடிக்காதே. அம்மா பார்க்கமாட்டா. தான் பார்த்தால் தோற்கிறார்களாம், குசினிக்குள் இருந்து என் சத்தத்தை வைத்தே புள்ளியைக் கண்டுபிடிக்கிறா. அதற்கு என் கொப்பியில் வீதம் இல்லை.

இறுதிச் சுற்று மே 30, வியாழக்கிழமை தொடங்கும். எங்கள் 58, உங்கள் 57. அதனால் இந்த இரண்டு அணியும் சந்தித்தால் முதல் ஆட்டம் ரொறன்ரோவில்தான். அந்த ஒரு வெற்றி மிச்சத்துக்காகவாவது வந்துபோ. நான் இன்று விலை பார்த்தேன், இப்போது எடுத்தால் மலிவு. 24 வீதத்துக்கு ரிக்கெற் எடுப்பது மடைத்தனம் என்று சொல்வாய். காசு திருப்பித் தருகிற ரிக்கெற்றாகப் பார், மிச்சத்தை நான் தருகிறேன்.

உன் பழைய 15ஆம் இலக்கச் சட்டையை அம்மா தோய்த்து மடித்து வைத்திருக்கிறா. அது இப்போது உன் ஒரு கைக்குத்தான் காணும். அந்த நீலநிறக் கோல்டன் ஸ்டேட் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படி ஏறக்கூடாது என்று எழுதச் சொன்னா.

அன்புடன்,
அப்பா