நெல் லாரிகளின் தேவையை முன்பே கணிக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கும்போதெல்லாம், லாரி வரவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. எந்த வட்டாரத்துக்கு எந்த வாரத்தில் எத்தனை லாரி வேண்டும் என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பே கணித்துவிட முடியும் என்பதால், இந்தக் காரணத்தை ஏற்பதற்கில்லை.

மேட்டூர் அணை திறக்கும் நாள் எல்லோருக்கும் தெரியும். நடவான பரப்பு, கிராமத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இருக்கிறது. ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்கள் ஏறத்தாழ 110 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால், பருவத்தின் மொத்த விளைச்சலை நாள்களால் வகுத்துச் சராசரி பார்ப்பது இன்று உதவாது. ஆள்கள் வாரக்கணக்கில் அறுத்த வயல்களை இயந்திரங்கள் ஓரிரு நாள்களில் அறுத்து முடிப்பதால், ஒரு வட்டாரத்தின் நெல் ஒரே நேரத்தில் நிலைய வாசலில் வந்து குவிகிறது. அந்த உச்ச வாரத்தைத்தான் கணிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, லாரி திரும்பிவர ஆகும் நேரம். நாளொன்றுக்கு 40 கிலோ மூட்டைகள் 1,000 பிடிக்கும் நிலையத்தில் 40 டன் சேரும். லாரிக்கு 10 டன் என்றால் நான்கு நடை. கிடங்கில் உடனுக்குடன் இறக்கினால் இரண்டு லாரிகளே ஆளுக்கு இரண்டு நடை அடித்து முடித்துவிடும். கிடங்கு வாசலில் காத்து நின்று ஒரு நடைக்கு இரண்டு நாள் ஆகுமானால், அதே வேலைக்கு எட்டு லாரிகள் வேண்டும். ஆகவே, கிடங்கில் உள்ள இடத்தையும் சுமை தூக்கும் தொழிலாளர் எண்ணிக்கையையும் சேர்க்காமல் போடும் லாரிக் கணக்கு கணக்கே அல்ல. 2,000 டன் ஏற்றும் சரக்கு ரயில் வரும் நாளில் 200 லோடு ரயிலடிக்குப் போயாக வேண்டும் என்பதும் அதில் சேர வேண்டும்.

அடுக்க இடமில்லாவிட்டால் எடை போடுவது நின்றுவிடும். விற்காத நெல் சாலையோரத் தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்து, கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டி, குவியலின் அடியில் முளைவிடுவதை விவசாயி பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

குறுவைக் கொள்முதல் செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கிவிடும். எனவே வட்டார வாரியான வாரக் கணிப்பை ஆகஸ்ட் மாதத்திலேயே வெளியிட்டு, லாரி ஒப்பந்தங்களையும் ரயில் வேகன்களையும் அதன்படி உறுதிசெய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.