சதுப்பின் மேல் வெளிச்சம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக் கரையில், இரவிலும் மக்கள் உலாவத்தக்கதாக, உயர்கம்ப மின்விளக்குகளுடன் நடைபாதை அமைக்கப்படவுள்ளதாகத் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்தேன். நடைபாதை அவசியமே, எனினும் ஐப்பசி முதல் பங்குனி வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் இரைதேடும் சதுப்பின் மீது அவ்வெளிச்சம் விழுமாயின், பறவை பார்க்க வருவோருக்கான வசதியே பறவைகளை விரட்டிவிடும்.

கடந்த மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு மாலை, கண்டல் மரங்களில் அடைய வந்த கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, கிளைகளெல்லாம் வெள்ளையாய் நிறைந்திருந்த வேளையில், அக்கரை மண்டபமொன்றின் பெருவிளக்கு கண்டலை நோக்கி எரியத் தொடங்கவே, அத்தனை கொக்குகளும் ஒருசேர எழுந்து இருளில் வெகுநேரம் வட்டமிட்டன. பாதிக்கு மேற்பட்டவை திரும்பி அமரவில்லை. (என் பழைய தொலைநோக்கிக்கு அவ்வெளிச்சம் உதவியது என்பதையும் மறைப்பதற்கில்லை.) ஆகவே, சதுப்பையொட்டிய பகுதியில் மட்டுமேனும் உயர்கம்பங்களைத் தவிர்த்து, முழங்கால் உயரத்தில், மேற்புறம் மூடி நிலத்தை நோக்கிய மங்கலான மஞ்சள் விளக்குகளைப் பொருத்துமாறு உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.