பாடிப் போகிறவனுக்கு மூச்சு வேண்டும்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு வணக்கம்.

மூன்று வருடம் முன்பு பிளஸ் டூ முடித்துப்போன மாணவன் ஒருவன் போன ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்துக்கு வந்திருந்தான். படித்த காலத்தில் கபடியில் அவன் பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். "தம்பிங்களோட ஒரு ஆட்டம் ஆடுறேன் சார்" என்றான். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே பாட்டு அறுந்துவிட்டது. அடுத்த முறை, பிடிக்க வந்தவனை ஏய்க்கக் காலைத் திருப்பினான். உடம்பு கூடவே திரும்பவில்லை, விழுந்தான். தண்ணீர் கொடுத்தபோது அவனே சொன்னான், தினமும் பத்து சிகரெட் என்று. பயிற்சி விட்டுப்போனதும் ஒரு காரணம்தான். ஆனால் இருபது வயதில் அப்படி இரைப்பது பயிற்சி விட்டதால் மட்டும் வருவதில்லை.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடை நம் ரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலையில் டீக்கடையில் ஒன்று பிடித்த பையன் மாலையில் மைதானத்தில் இறங்கும்போதும் அவன் தசைகளுக்குப் போகவேண்டிய ஆக்சிஜன் முழுதாகப் போவதில்லை. நிக்கோட்டின் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயத்தை வேகமாக ஓடவைக்கிறது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, விரல்களில் மெல்லிய நடுக்கத்தைத் தருகிறது. பீடியும் இதில் சேர்த்திதான்.

"ஒண்ணு பிடிச்சாத்தான் சார் கை நிதானமா இருக்கு" என்று பையன்கள் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. பழகிய உடம்புக்கு நிக்கோட்டின் கிடைக்காவிட்டால் எரிச்சல் வரும், கவனம் சிதறும். அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பை மட்டும் அடக்குகிறது. அப்புறம் மறுபடி தவிப்பு. வேதியியல் செய்முறைத் தேர்வில் பியூரெட் என்கிற அளவுக் குழாயைப் பிடிக்கிற கை, சில்வர் பீச் சாலையில் பைக் ஓட்டுகிற கை, அப்பாவோடு முதுநகரிலிருந்து கடலுக்குப் போய் ஆடும் படகில் நிற்கிற கால், எல்லாம் இந்தத் தவிப்போடுதான் வேலை செய்யவேண்டியிருக்கிறது.

வாயில் வாசம் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பாக்கு மிட்டாய் அதை மறைத்துவிடும். மாடிப்படி ஏறினால் இரைக்கிறதா, முன்பு ஓடியாடியவன் விளையாட்டையே தவிர்க்கிறானா என்று பாருங்கள்.

அப்பாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கிவர மகனை அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பதும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் பள்ளியருகே அப்படி விற்பதைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பிள்ளையிடம் பழக்கம் தெரிந்தால் அடிக்கவேண்டாம், என்னிடம் அழைத்து வாருங்கள். டி.சி. கொடுத்துவிடுவேனோ என்ற பயம் வேண்டாம், கொடுக்கமாட்டேன். புகையிலையை விட உதவும் அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. அந்தப் பழைய மாணவனும் நானும் என் அறையிலிருந்தே அந்த எண்ணுக்குப் பேசினோம். அடுத்த ஞாயிறும் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
கடலூர்