தாப்பா ஒட்டுக்கடை அம்மாவுக்கு நன்றி

பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். இறங்கும்போது மழை. மலைமேல் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து அடிவாரத்துத் தாப்பா ஊர் வரை சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்குமேல் வளைவு. ரிங்லெட் தாண்டியதும் சின்னவள் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். மற்ற குழந்தைகளும் துவண்டுவிட்டார்கள்.

தாப்பாவில் ஒட்டுக்கடை (சிறு உணவுக்கடை) வைத்திருக்கும் ஓர் அம்மா கடையை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அடுப்பை மறுபடி பற்றவைத்தார். கஞ்சியை டம்ளருக்கு டம்ளர் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, சின்னவளை மடியில் கிடத்திக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அழுத பிள்ளை அப்படியே தூங்கிப்போனாள். பெற்ற எங்களுக்கே அந்தப் பொறுமை அன்று இல்லை. பெரியவர்களுக்கு இஞ்சித் தேநீரும் வந்தது. பணத்தை நீட்டினால், "பச்சப் பிள்ளைக்கு ஊத்துன கஞ்சிக்குக் காசா?" என்று கையைத் தள்ளிவிட்டார்.

பெயர் கேட்கவும் நேரம் வாய்க்கவில்லை. செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்ததாக மட்டும் சொன்னார். அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். தாப்பாக்காரர்கள் யாராவது அவரை அறிந்திருந்தால், தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை நலமாக இருக்கிறாள். அடுத்த விடுமுறையில் அவளோடு வந்து பார்க்கிறோம்.