மடுல்சீமைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் 174,500 ரூபா குறைகிறது

மாரியம்மன் துணை

அன்புள்ள தோட்டத்து மக்களே, டவுன் முதலாளிமாரே, கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் நம் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆகஸ்ட் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பக்கம் நடக்கும் நீண்ட தூர மலைச் சைக்கிள் போட்டிக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் போகிறார்கள். பதிவுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் ஜூலை 12. சம்பளம் போடுவது 10ஆம் திகதி. நடுவில் இருப்பது ஒரு சனிக்கிழமைதான். மொத்தச் செலவு 412,000 ரூபா. கையில் சேர்ந்திருப்பது 237,500 ரூபா. மீதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அது என்ன போட்டி என்று பெரியவர்கள் பலர் கேட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு டவுனில் வைக்கும் சைக்கிள் ஓட்டம் மாதிரி அரை மணி நேரத்தில் முடிகிற காரியம் இல்லை. ஒரு சுற்று 28 கிலோமீற்றர். மூன்று சுற்று ஓட வேண்டும், எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தார் ரோடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மாட்டு வண்டிக்கு வெட்டிய கரத்தை ரோடு, தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதை, கல்லுப்படி, பைன் காடு. மூன்று சுற்றிலும் ஏறுகிற உயரத்தைக் கூட்டினால் 2,400 மீற்றர் வருகிறது. நாம் காலையில் எழுந்து கும்பிடும் சிவனொளிபாத மலையே கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர்தான். இரண்டாவது சுற்றை ஐந்தரை மணி நேரத்தில் முடிக்காதவரை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். செயின் அறுந்தாலும் டயர் கிழிந்தாலும் ஓட்டுகிறவர்தான் தன்னிடம் இருக்கும் சாமானை வைத்துச் சரி செய்ய வேண்டும், வெளி ஆள் கை வைக்கக் கூடாது. மணிக்கு மணி கொஞ்சம் இனிப்பும் உப்பும் தண்ணீரும் உள்ளே போகாவிட்டால் பாதி வழியில் உடம்பு கைவிட்டுவிடும். பொடியன்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: மலைச் சைக்கிள் 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்த நீண்ட தூர ஓட்டத்துக்கென்று தனியாக உலகச் சாம்பியன்ஷிப்பும் 2003 முதல் நடக்கிறது.

மலையில் ஏறி இறங்குவது நம் சனத்துக்குப் புதிதா? 1820களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோது நம் தோட்டத்திலிருந்தும் நான்கு பேர் போனார்கள். அதில் மூத்தவருக்கு அப்போது 68 வயது. இன்று அந்த ஐயாதான் நம் சைக்கிள் குழுவின் போசகர். பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிற காலையில் அவரும் எழுந்து, வேலைக்குப் பேர் பதியக் கூடும் பிரட்டுக்களத்துக்கு வந்து, ஒவ்வொருவர் பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

பிள்ளைகள் ஓட்டிப் பழகும் கரத்தை ரோட்டை வெட்டியது யார்? அலவாங்கும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் வெட்டியது. முதலில் கோப்பி மூட்டை போனது, பிறகு தேயிலைப் பெட்டி போனது. அந்த ரோட்டில் மழை வெயில் பாராமல் தப்பால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கும் ஒபீசுக்கும் நடந்த தப்பால் தாத்தாவின் பேரன் இன்று நம் குழுவில் ஓடுகிறான். தோட்டத்துக்கு முதன்முதல் வந்த சைக்கிள் மருந்துச்சாலை ஐயாவின் ரலி சைக்கிள். அதைத் தொட்டுப் பார்க்க லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் காத்து நின்றதை இன்னும் சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள். 1969இல் மவுசாக்கலை அணைக்கட்டு வந்து பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த பன்சலையும் போயின. அந்த டவுனுக்கு நடந்து போய்ச் சாமான் வாங்கிய பழைய பாதையின் மேல்பாதிதான் இப்போது பிள்ளைகளின் பயிற்சிப் பாதை. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் தெரியும்போது அவர்கள் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். இதையெல்லாம் எழுதும்போது எங்களுக்கே நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், போன நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டித்வா புயலில் இந்த நாட்டில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து லயங்களை மூடியது. நம் தோட்டத்து ரோடு இரண்டு இடத்தில் அறுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, லொறியும் ஆட்டோவும் வர வழியில்லை. அப்போது கீழ் டிவிசனில் இன்சுலின் தீர்ந்துபோன இருவருக்கும், பால்மா இல்லாத ஒரு கைக்குழந்தைக்கும் டவுனிலிருந்து சாமான் கொண்டுவந்தது யார்? இந்தப் பிள்ளைகள். சரிந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்கள். எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு வந்து கிராம அலுவலரிடம் கொடுத்ததும் அவர்கள்தான். ஒருவரும் கேட்கவில்லை, ஒரு ரூபாவும் வாங்கவில்லை. அந்த நாட்களில் சேறு ஏறித் தேய்ந்த டயரும் பிரேக்கும்தான் இன்றுவரை அந்தச் சைக்கிள்களில் இருக்கின்றன.

போன வருடப் பயணத்தையும் சொல்ல வேண்டும். வாடகைக்குப் பிடித்த பழைய லொறியில் சைக்கிளும் பிள்ளைகளும் ஒன்றாகப் பின்னால் ஏறிப் போனார்கள். ஹக்கல தாண்டி வெலிமடை இறக்கத்தில் லொறி நின்றுவிட்டது. ரோட்டோரத்தில் ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்து, விடிந்த பிறகு வேறு வண்டி பிடித்து, மற்றவர்கள் புறப்பட்டு நாற்பது நிமிடம் கழித்துத்தான் கோட்டுக்கு வந்தார்கள். அப்படியும் இருவர் நேரத்துக்குள் முடித்தார்கள். அதில் ஒருத்தி பெண் பிள்ளை. தூங்காமல், சாப்பிடாமல், நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டு முடித்தார்கள் என்றால், ஒழுங்காக ஒரு வேனில் போய் முதல் நாள் ராத்திரி தூங்கி எழுந்து ஓடினால் என்ன செய்வார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த முறை ஆறு பேர். நால்வர் ஆண் பிள்ளைகள், இருவர் பெண் பிள்ளைகள். ஒருவர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் வேலை, ஒருவர் டவுனில் ஆட்டோ திருத்தும் இடத்தில், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில். மற்ற மூவர் பாடசாலைப் பிள்ளைகள். கூடப் போவது சைக்கிள் திருத்தும் தம்பி ஒருவர், பெண் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு அக்கா, குழுவின் செயலாளர். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை என்று மலை வளைவுகளிலேயே ஒரு நாள் பயணம். ரயிலில் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். புயலில் மலைநாட்டு ரயில் பாதை சிதைந்த பிறகு ரயிலை நம்பித் திட்டம் போட எங்களுக்குத் துணிவில்லை. பதுளையில் இறங்கினாலும் அங்கிருந்து ஆறு சைக்கிளை ஏற்ற இன்னொரு லொறி வேண்டும்.

செலவுக் கணக்கு இது. பதிவுக் கட்டணம் ஆளுக்கு 12,000, ஆறு பேருக்கு 72,000 ரூபா. நான்கு நாளுக்கு வேன் டீசலோடு 75,000. சைக்கிள் ஏற்றப் பட்டா லொறி 60,000. டயர் 12, ஒன்று 8,500 வீதம் 102,000. பிரேக் பேட், செயின், டியூப் எல்லாம் சேர்த்து 48,000. சாப்பாடு 40,000, தங்குவதற்கு அங்குள்ள ஒரு தோட்டத்துக் கோயில் மடத்தை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அம்மன் அவர்களைக் காப்பாற்றட்டும். வைத்தியச் சான்றிதழ், முதலுதவிச் சாமான் 15,000.

டயருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஆடி மாதம் நம்ம பக்கம் மழை கொட்டும்போது ஊவாவில் கச்சான் காற்று அடித்துக் காய்ந்து கிடக்கும். கொழுந்து எடுப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பது அந்தக் காய்ந்த காலத்தில், நம் டிம்புள்ளைப் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நாம் இங்கே சேற்றில் பழகுகிறோம், ஓடப்போவது புழுதியிலும் உருளைக் கல்லிலும். தேய்ந்த டயர் இறக்கத்தில் வழுக்கினால் எலும்பு முறியும். இந்த ஒரு செலவில் மட்டும் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பெற்றவர்களுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கும் அக்காமார் 64 பேர் ஆளுக்கு 500 ரூபா போட்டு 32,000 சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துச் சம்பாதித்த காசு அது. சங்கத் தலைவர் சொல்லவும் இல்லை, குழு போய்க் கேட்கவும் இல்லை. அவர்களே ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கும் நம் பிள்ளைகள் 85,000 அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்தக் கரத்தை ரோட்டில் டயர் உருட்டி விளையாடியவர்கள். டவுன் முதலாளிமார் 60,000 தந்தார்கள். அவர்களில் ஒரு முஸ்லிம் முதலாளி, புயல் நேரத்தில் இந்தப் பிள்ளைகளிடம் கடன் எழுதாமல் சாமான் கொடுத்தவர், இப்போதும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சிங்களப் பேக்கரி முதலாளி ஒருவர் காசோடு, பயணத்துக்குப் பாணும் பணிசும் தன் செலவு என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் நம் தங்கச்சிமார் 40,500 அனுப்பியிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையைப் பார்த்து இரண்டு மூன்று வருடமான தாய்மார் அவர்கள். கோயில் கமிட்டி 20,000 தந்தது. கொடுத்த ஒவ்வொருவர் பெயரும் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது. 100 ரூபா கொடுத்த ஒரு பாட்டியின் பெயரும் அதில் இருக்கிறது, பெரிய எழுத்தில்.

இனிச் சொல்வதைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மே மாதக் கூட்டத்தில் கொடுக்கிறோம் என்று நோட்டில் பெயர் எழுதியவர்கள் 41 பேர். கொடுத்தவர்கள் 23 பேர். மற்ற 18 பேரின் பெயரை நாங்கள் வெளியில் சொல்ல மாட்டோம், அவரவருக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெயரை மரியாதையாக எடுத்துவிடுகிறோம். ஆனால் கஷ்டம் இல்லாத வீடுகளும் அதில் இருக்கின்றன. தேருக்கு லைட்டும் சவுண்ட் செட்டும் பிடிக்க நான்கு நாளில் காசு சேர்த்த தோட்டம் இது. அம்மனுக்குச் செய்ததில் யாருக்கும் குறை இல்லை. அந்தத் தேர் போகச் சரிந்த மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்துவிட்டதும் இந்தப் பிள்ளைகள்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று “நல்லா இருப்ப சாமி” என்று வாழ்த்தினோமே, அந்த வாய்தான் இன்று “பார்க்கலாம், பார்க்கலாம்” என்கிறது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் தோட்டத்தில் 240 குடும்பம். வீட்டுக்கு 750 ரூபா என்றால் 180,000 ரூபா. குறை தீர்ந்துவிடும். முடிந்தவர்கள் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் தாருங்கள். முடியாதவர்கள் அரைப் பேர். அதுவும் முடியாத வீட்டில் அரிசியோ பருப்போ தேங்காயோ தந்தாலும் சாப்பாட்டுச் செலவில் கழித்துக்கொள்வோம். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் வயதானவர்களிடமும், புயலில் வீடு இழந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களிடமும் யாரும் போய்க் கேட்கக் கூடாது என்று கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். அவர்கள் வந்து பூசையில் நின்று ஆசீர்வதித்தால் போதும்.

10ஆம் திகதி சம்பள நாளில் பின்னேரம் 3 மணியிலிருந்து பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு பிரட்டுக்களத்தில் இருப்பார். 11ஆம் திகதி காலையிலிருந்து கோயில் மண்டபத்தில். ரசீது வாங்காமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம், குழுவில் இருப்பவரானாலும் சரி. வெளியூரில் இருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறோம். 12ஆம் திகதி காலை 10 மணிக்கு இருக்கும் காசை எண்ணி, எத்தனை பேருக்குக் கட்ட முடியுமோ அத்தனை பேருக்குக் கட்டுவோம். ஆறு பேரில் யாரை விடுவது என்று சீட்டுக் குலுக்கும் நிலைமைக்கு எங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 7ஆம் திகதி வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.30க்கு அம்மன் சந்நிதியில் பூசை, அதோடு வேன் புறப்படும். குழுவின் முழு வரவு செலவும் 16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வாசிக்கப்படும். காசு மிஞ்சினால் அது சைக்கிள் திருத்தும் செலவுக்கு மட்டும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழுவினர்

பி.கு.: பாவிக்காத நல்ல ஹெல்மட், கையுறை, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு யாரிடமாவது இருந்தால் சைக்கிள் திருத்தும் தம்பியிடம் கொடுங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் வேண்டாம், ஏற்றத்தில் சூடு தாங்காது.