கனெக்டர் வாங்கும்முன் நாங்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கனெக்டர் கேட்டு வருகிறவர்களிடம் "எந்த லோடுக்கு? ஒயர் செம்பா, அலுமினியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருகிறோம். அவசரமாக வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன வாரம் ஒருவர் கீசர் லைனில் இருந்த கனெக்டர் ஸ்ட்ரிப்பை (திருகு முடுக்கி ஒயர்களை இணைக்கும் பட்டை) கழற்றிக் கொண்டுவந்தார். ஒரு முனை புதுசு மாதிரியே இருந்தது. இன்னொரு முனை பழுப்பேறி உருகியிருந்தது. அந்தப் பக்கத்துத் திருகு விரலாலேயே சுற்றியது. பல இழை ஒயரில் பாதி இழைகள் திருகுக்கு வெளியே நின்றன. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் மிச்சமிருந்த நாலைந்து இழை வழியாகப் போயிருக்கிறது. பிடி தளர்ந்தால் சூடு, சூடானால் பிடி இன்னும் தளரும். ஒயர் என்னவோ நல்ல ஒயர்தான்.

இப்படி ஆகாமலிருக்க 'பின் லக்' போதும், அது ஒயர் முனையில் மாட்டுகிற சின்ன உலோகத் துண்டு. இழைகளை அதற்குள் விட்டு, க்ரிம்பிங் பிளையரால் அழுத்தி, அப்புறம் திருகை முடுக்குங்கள். முனைக்கு ஈயம் வைத்து முடுக்குவது வேண்டாம். ஈயம் மெத்தென்றது, திருகின் அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கி இடம் கொடுத்துவிடும்.

அலுமினிய சர்வீஸ் ஒயரையும் செம்பு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஈரம் பட்டால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு) போடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ப்ளக் டாப்பில் சாதாரண அயர்ன் பாக்ஸுக்கு 6 ஆம்பியர் சரி. கீசர், ஏசிக்கு 16தான். எர்த் பின் நீளமாக இருப்பது சாக்கெட்டில் அது முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியாக விடுவதற்காக. தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

சோலார் பேனலுக்கு எம்.சி.4 கனெக்டர் வாங்கினால் ஆண், பெண் இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். லோடு ஓடும்போது பிடுங்கவே கூடாது. டி.சி. மின்சாரத்தில் எழும் பொறி சுலபத்தில் அணையாது.

கடைக்கு வரும்போது பழைய ஒயரில் இரண்டு அங்குலத் துண்டு கொண்டுவாருங்கள், அளவு பார்த்துத் தருகிறோம். இங்கே வாங்கும் லக்கை நாங்களே க்ரிம்ப் செய்து கொடுக்கிறோம், அதற்குக் காசு இல்லை. அந்த உருகிய ஸ்ட்ரிப் கவுன்ட்டரில்தான் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரிகல் கடைக்காரர்